நம் படத்தை நாமே பகிரும்போது: தோற்றமும் தற்பெருமையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருவப்படம் எடுப்பது எனக்குத் தொழில். கேமராவின் முன் வந்து உட்காருகிறவர்கள் லென்ஸைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ கேட்பது அரிது. "இதைப் போட்டால் அலட்டிக்கொள்கிறேன் என்று நினைப்பார்களா?", "என் மூக்கு உண்மையிலேயே இப்படித்தானா?" என்றுதான் கேட்பார்கள். அவசரத்தில் வாய்ப்பேச்சாக அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய பதில்களைப் பின்னர் நிதானமாக யோசித்து, அந்தக் கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

என் படத்தை நானே சமூக ஊடகத்தில் போடுவது தற்பெருமையா?

படத்தைப் போட்டார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. தம் முகத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்ற விருப்பம் கைபேசியோடு வந்ததும் இல்லை. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839-ஆம் ஆண்டிலேயே, ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னிலியஸ் என்பவர் கேமராவைப் பொருத்திவைத்துவிட்டு, தானே அதன் முன் போய் நின்று தன் முகத்தைப் படமெடுத்துக்கொண்டார். 1854-இல் பாரிஸில் திஸ்தெரி என்ற படக்கலைஞர் சிறிய அட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, மக்கள் தங்கள் படத்தை டஜன் கணக்கில் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய படத்தை வாங்கி ஆல்பத்தில் செருகிவைத்தார்கள். இத்தாலியப் பிரபு குலத்தைச் சேர்ந்த காஸ்திலியோனே சீமாட்டி 1856 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட முறை தன்னைப் படமெடுக்கச் செய்தார். என்ன உடை, என்ன பாவனை, எந்தக் கோணம் என்பதை அவரே தீர்மானித்தார். 'செல்ஃபி' என்பதை 2013-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியினர் தேர்ந்தெடுத்தபோது, அந்த ஆசைக்கு நூற்றெழுபது வயது கடந்திருந்தது.

படத்தைப் போட்ட பிறகு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில்தான் நான் வித்தியாசத்தைப் பார்க்கிறேன். "முடி வெட்டிக்கொண்டேன், பாருங்கள்" என்று மகிழ்ச்சியைப் பங்குபோடுகிற படம் உண்டு. "நான் பார்க்கத் தகுந்த ஆள்தானா, சொல்லுங்கள்" என்று தீர்ப்பு கேட்டு நிற்கிற படமும் உண்டு. தன்னைப் பற்றி அளவுக்கு மீறி உயர்வாக நினைப்பவர்களை நான் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அவர்கள் சிலரே. இது தற்பெருமையோ என்று கூசிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பற்றிக் குறைவாக நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பை யாராவது மறுத்துச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது இரு சாராரின் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோணம், அதே புன்னகை. ஆறுதல் தேடி நிற்பவரிடம் போய் அடக்கத்தைப் போதித்தால் அவர் இன்னும் உள்ளே ஒடுங்கிப் போவார். கீழே நான் சொல்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் சாராரை மனத்தில் வைத்து எழுதியது.

கண்ணாடியில் நன்றாகத்தான் இருக்கிறேன். படத்தில் மட்டும் ஏன் வேறு யாரோ போல இருக்கிறேன்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் அநேகமாக இல்லை. காரணம் தெரிந்தாலே பாதிக் கவலை குறைந்துவிடும் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதற்காரணம், கண்ணாடி காட்டுவது இடவலம் மாறிய முகம். எந்த முகத்திலும் இரு பாதியும் ஒத்திருப்பதில்லை. ஒரு புருவம் ஒரு நூல் ஏறியிருக்கும், சிரிக்கும்போது உதட்டின் ஒரு ஓரம் கூடுதலாக விரியும், வகிடு ஒரு பக்கம் விழும். இந்த ஏற்றத்தாழ்வை நினைவு தெரிந்த நாள் முதல் ஒரே திசையில் பார்த்துப் பழகிய நமக்கு, படத்தில் அது எதிர்த்திசையில் வரும்போது முகமே கோணலாகிவிட்டதுபோலத் தோன்றுகிறது. அடிக்கடி கண்ணில் படுவதை மனம் விரும்பத் தொடங்கிவிடும் என்பதை ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் எடுத்துக்காட்டினார். மீட்டா, டெர்மர், நைட் ஆகிய மூவர் அதை முகத்தில் வைத்துச் சோதித்து 1977-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே படத்தை நேராக ஒன்றும் இடவலம் மாற்றி ஒன்றுமாக அச்சிட்டுக் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் மாற்றிய படத்தையும், அவர்களுக்கு நெருங்கியவர்கள் நேரான படத்தையும் விரும்பும் போக்கு வெளிப்பட்டது. உங்களுக்கு ஒட்டாத அந்த முகம்தான் உங்கள்மேல் அன்பு வைத்திருப்பவர்கள் தினமும் பார்த்துப் பழகிய முகம். செல்ஃபி எடுக்கும்போதும் இதே குழப்பம் நேர்கிறது. எடுக்கும் நேரத்தில் திரை கண்ணாடிபோலக் காட்டுகிறது. பல கைபேசிகள் சேமிக்கும்போது படத்தை நேராக்கிவிடுகின்றன. அதனால் அந்த நொடியில் பிடித்த முகம் கேலரியில் திறந்து பார்க்கும்போது பிடிக்காமல் போகிறது.

அடுத்த காரணம் தூரம். கையை நீட்டி எடுக்கும் படத்தில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பவை காதுகள். அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும் என்பது லென்ஸின் குற்றமன்று, தூரத்தின் இயல்பு. சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. செல்ஃபியைக் காட்டி மூக்கை அறுவை செய்து சிறிதாக்கக் கேட்டு வருபவர்களைக் கண்ட மருத்துவர்கள்தாம் அந்தக் கணக்கைப் போட்டவர்கள். என்னிடமும் ஒரு பெண் தன் செல்ஃபியைக் காட்டி, டச்சப்பில் மூக்கைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மீட்டர் தள்ளிக் கேமராவை நிறுத்தி ஒரு படம் எடுத்து, செல்ஃபியின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், விரலால் திரையில் மூக்கின் இரு ஓரத்தையும் அளந்தார். இன்னொரு முறை கையை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்து, அதையும் அளந்தார். "இத்தனை நாள் இதை நம்பிக்கொண்டா இருந்தேன்?" என்று அவர் கேட்டபோது குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

முகம் அசைந்துகொண்டே இருக்கும் பொருள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பேசும்போதும் சிரிக்கும்போதும் ஒரு முகபாவம் இன்னொன்றில் கரைந்துகொண்டே இருக்கிறது. படம் அதில் ஒரு துளியை வெட்டி எடுத்து நிறுத்துகிறது. ஒரே முகத்தைக் காணொளியாகக் காட்டினால் அழகாகவும், அதே காணொளியின் தனித்தனி ஃப்ரேமாகக் காட்டினால் குறைவாகவும் மக்கள் மதிப்பிடுகிறார்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வு கண்டது.

இவை தவிர, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. நம் மனத்தில் நாம் வைத்திருக்கும் நம் முகம் உள்ளதைவிடக் கொஞ்சம் அழகானது. 2008-இல் எப்லி, விட்சர்ச் என்ற இருவர், ஒருவருடைய முகத்தை அழகிய முகத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து பல படங்களாக்கி, இவற்றில் உங்கள் உண்மையான படம் எது என்று கேட்டபோது, பலர் சற்று அழகூட்டிய படத்தையே காட்டினார்கள். இது அவர்கள் பொய் சொன்னதாகாது. மனம் அப்படித்தான் தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே படம் பார்த்து ஏமாற்றம் அடைவது உங்கள் அழகின்மைக்குச் சாட்சியமில்லை.

படம் போட்டுவிட்டு லைக் எண்ணிக்கையை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்?

நானும் பார்த்திருக்கிறேன். ஒரு மாலையில் என் படம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனவள், வாளி நிரம்பி வழிந்து காலை நனைக்கும்வரை கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொன்று பன்னிரண்டானது. யார் அந்தப் பன்னிரண்டாவது ஆள் என்று உடனே தட்டிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தவர் இல்லை. அந்த நொடியில்தான், எனக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை இல்லை, ஒரே ஒருவருடைய பார்வை என்பது எனக்கே புரிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கக்கூடும். இருந்தால், அந்த ஒருவருக்குப் படத்தை நேரடியாக அனுப்பிவிடுவது நல்லது. கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவும் அதில் வரும்.

செயலியின் வேலையும் இதில் இருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு செயலை விடாமல் செய்யவைக்கும் என்பதை பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். லைக் அப்படித்தான் வருகிறது: சிலமுறை கொட்டும், சிலமுறை சொட்டும், எப்போது என்று சொல்ல முடியாது. பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கற்பனை செய்வதிலிருந்துதான் 'நான்' என்ற எண்ணமே உருவாகிறது என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் எழுதினார். கூலியின் காலத்தில் அந்தக் கற்பனை பிடிகொடுக்காமல் மங்கலாக இருந்தது. இப்போது அதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. எண் வந்த உடன் நேற்றைய எண்ணோடும் அடுத்தவர் எண்ணோடும் ஒப்பிடாமல் இருக்க முடிவதில்லை.

2021 மே மாதம் முதல் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் தரப்பட்டது. நான் மறைத்துவைத்திருக்கிறேன். அதனால் மனம் முழுக்க அமைதியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் அறிவிப்புகளையும் சேர்த்து நிறுத்திய பிறகு வாளி நிரம்பும் முன் குழாயை மூட முடிகிறது.

குழுப்படத்தில் எல்லோரும் என் குறையைத்தான் கவனிப்பார்களே?

குழுப்படம் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் யாரைத் தேடுகிறீர்கள்? உங்களை. மற்ற ஒவ்வொருவரும் அதையேதான் செய்கிறார்கள். கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் டி-ஷர்ட் ஒன்றை அணிந்துகொண்டு மாணவர்கள் ஓர் அறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்திருந்த மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேரே.

ஃபில்டர் போடுவது பொய் சொல்வது ஆகுமா?

எல்லா மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டச்சப் என் தொழிலின் ஒரு பகுதி. அதைக் குறை சொல்லிவிட்டு நான் நல்லவளாக முடியாது. 1855-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே மியூனிக் நகரின் ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர், நெகடிவைத் திருத்தும் முன்னும் திருத்திய பின்னும் எடுத்த அச்சுகளைக் காட்சிக்கு வைத்துப் பார்ப்பவர்களை வியக்கவைத்தார். அதன் பிறகு பல தலைமுறைப் படக்கலைஞர்கள் பென்சிலைக் கூராகச் சீவி, நெகடிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து முகச் சுருக்கங்களை ஆற்றியிருக்கிறார்கள். 1990-இல் ஃபோட்டோஷாப் வந்தபோது பென்சிலின் இடத்துக்கு மவுஸ் வந்தது. 2015-இல் ஸ்னாப்சாட் செயலி 'லென்ஸ்' என்ற பெயரில் நேரடி ஃபில்டர்களை அறிமுகப்படுத்திய பிறகு, அசையும் முகத்தின் மேலேயே, கண் முன்னே, எவர் கையும் படாமல் திருத்தம் நடக்கத் தொடங்கியது.

இந்தக் கடைசி மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முன்பு திருத்திய படம் கைக்கு வரும்போது, அது திருத்தியது என்று தெரிந்தே வாங்கினோம். நம் முகம் கண்ணாடியில் வேறாக இருந்தது. இப்போது கைபேசியே கண்ணாடியாகிவிட்டது. நாம் கண் சிமிட்டினால் சிமிட்டுகிற, தலையைச் சாய்த்தால் சாய்க்கிற அந்த முகத்தில் தாடை கூராகவும் கண் பெரிதாகவும் தோலில் ஒரு துளைகூட இல்லாமலும் இருந்தால், மனம் அதையே தன் முகமாக ஏற்றுக்கொள்கிறது. ஃபில்டரை எடுத்த பிறகு தெரியும் முகம் பழுதுபட்டதாகத் தோன்றுகிறது. முன்பு நட்சத்திரங்களின் படத்தைக் கொண்டுவந்து காட்டியவர்கள் இப்போது ஃபில்டர் போட்ட தம் சொந்தப் படத்தைக் காட்டி அதுபோல ஆக்கித்தரக் கேட்கிறார்கள் என்பதை அழகியல் மருத்துவர்கள் கவனித்தார்கள். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 'ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா' (டிஸ்மார்ஃபியா என்றால் தன் தோற்றத்தில் குறை இருப்பதாக மனம் வதைபடுவது) என்ற பெயரில் அதைப் பற்றி விவாதிக்கவும் செய்தார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டதுபோல் காட்டும் ஃபில்டர்களை நீக்குவதாக 2019 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தரப்பு அறிவித்தது.

என் கையிருப்பில் ஒரு அளவுகோல் உண்டு; அதை மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பத்து நாளில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம்: பரு, கீறல், இரவு விழித்த கருவளையம். வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யலாம், ஏனென்றால் கேமரா அவற்றைத் தவறாகவும் பதிவு செய்வதுண்டு. எலும்பைத் தொடக் கூடாது. தோலின் நிறத்தை மாற்றக் கூடாது. பத்து ஆண்டுகள் சேர்த்து வரைந்த கோடுகளை முற்றாக அழிக்கக் கூடாது. தெருவில் எதிரே வரும் ஒருவர் அந்தப் படத்தைக் கொண்டு உங்களை அடையாளம் காண முடியவில்லை என்றால், அது உங்கள் படமாக இருப்பதை நிறுத்திவிட்டது.

'திருத்தப்பட்ட படம்' என்று குறிப்பு போட்டுவிட்டால் போதாதா?

நேர்மைக்கு அது வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் அளவையோ வடிவத்தையோ தோலையோ திருத்திய விளம்பரப் படங்களில், பணம் பெற்றுக்கொண்டு தனிநபர்கள் இடும் பதிவுகள் உட்பட, அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பிரான்சிலும் 2017 முதல் விளம்பர மாடல்களின் உடலைத் திருத்திய படங்களுக்கு இப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் அத்தகைய குறிப்பைப் படித்ததால் பார்ப்பவரின் மனக்குறை குறைந்துவிடுவதாக இதுவரை வந்த ஆய்வுகள் பொதுவாகக் காட்டவில்லை. பொய் என்று அறிவு சொன்ன பிறகும் கண் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மற்றவர்களின் படங்களைப் பார்த்த பிறகு மனம் சோர்ந்துபோகிறது. இது பொறாமையா?

பொறாமை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நம் நிலையை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது, நம்மைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறோம் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் சொன்னார். 'நம்மைப் போன்றவர்கள்' என்பதுதான் இதில் முக்கியம். பெரும் நட்சத்திரத்தின் படம் அவ்வளவாக உறுத்துவதில்லை. கூடப் படித்தவருடைய படம் உறுத்துகிறது, ஏனென்றால் அவர் நம் தராசில் ஏறக்கூடியவர். அவர் போட்டிருக்கும் அந்த ஒரு படத்துக்குப் பின்னால் நாற்பது படங்கள் கழிக்கப்பட்டிருக்கும். அந்தக் கழிந்த நாற்பதும் நம் கண்ணுக்கு வருவதில்லை. நம்முடையதோ கழிந்தவை உட்பட அத்தனையும் நமக்குத் தெரியும். கழித்தெடுத்த ஒருவரையும் கழிக்காத நம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் தோல்விதான் வரும்.

இளையவர்களுக்கு இது கூடுதல் சுமை. 2021-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியானபோது, தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் வருந்தியிருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்ன செய்தி அவற்றில் இருந்தது. நிறுவனத்துக்கே அது தெரிந்திருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

யாருடைய பக்கத்தைப் பார்த்து மூடும்போது ஒவ்வொரு முறையும் உங்கள் முகம் வாடுகிறதோ, அவரை மியூட் செய்வதில் தவறில்லை. அது பகையாகாது, அவருக்கு அது தெரியப்போவதும் இல்லை.

நான் படமே எடுத்துக்கொள்வதில்லை. அப்படியானால் இந்தச் சிக்கல் எனக்கு இல்லைதானே?

கேமராவைக் கண்டால் விலகிப் போகிறவர்கள் தங்களை அடக்கமானவர்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. சிலர் உண்மையிலேயே அதில் நாட்டமில்லாதவர்கள். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. "நான் நன்றாக விழமாட்டேன், என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி விலகுகிறவரையும் ஆட்டிவைப்பது தோற்றம்தான். பத்து செல்ஃபி போடுகிறவரும் ஒன்றுக்கும் நிற்காதவரும் ஒரே நீதிபதியின் முன் கைகட்டி நிற்கிறார்கள்.

ஒருமுறை ஒரு மகன், இறந்துபோன தன் தாயின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வந்தார். அவர் கையில் இருந்தது ஒரு குடும்பப் படம். அதில் அந்த அம்மா கடைசி வரிசையில், முன்னால் நின்றவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். மற்ற படங்களில் முகத்தைத் திருப்பியிருந்தார், அல்லது கையை உயர்த்தி மறைத்திருந்தார். பாதி முகத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவோ முயன்றேன். மறைந்திருந்த கன்னத்தை இன்னொரு படத்திலிருந்து எடுத்துப் பொருத்தும்போது, மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் ஒரு மச்சம் இருக்கும்" என்று சொன்னார். எந்தப் படத்திலும் இல்லாத அந்த மச்சத்தை அவர் சொன்ன இடத்தில் வைத்தேன்.

உங்கள் படம் உங்களுக்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. பொதுவில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டாரிடம் இருக்கட்டும், அது போதும்.

போகும் இடமெல்லாம் படம் எடுத்துப் போடுவதால் அந்த அனுபவம் குறைந்துவிடுமா?

படம் எடுப்பதால் மட்டும் குறையாது. யாருக்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சமூக ஊடகத்தில் பகிர்வதற்கென்று எடுக்கும்போது, தமக்கென்று எடுப்பவர்களைவிட அனுபவத்தின் இன்பம் குறைகிறது என்றும், பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அப்போதே புகுந்துவிடுவதுதான் காரணம் என்றும் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு அது வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவிருந்தது என்று லிண்டா ஹென்கெல் 2014-இல் கண்டார்; ஆனால் அதன் ஒரு பகுதியை நெருங்கி ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. கவனித்து எடுத்தால் படமும் ஒருவகைப் பார்வையே. போடுவதை அன்றிரவுக்கோ மறுநாளுக்கோ தள்ளிவைத்துப் பாருங்கள்.

என் குழந்தையின் படங்களைப் போடுவதில் தவறு உண்டா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது இயல்பான பாசம், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தப் படத்துக்கு வரும் லைக் குழந்தைக்குப் போவதில்லை, நமக்கு வருகிறது. அழுகை, குளியல், தண்டனை, நோய் போன்ற நேரங்களின் படத்தைப் பொதுவில் வைக்கக் கூடாது. பேசத் தெரிந்த பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். வேண்டாம் என்றால் போடக் கூடாது. "நன்றாகச் சிரி, இன்னொரு தடவை" என்று எட்டுத் தடவை சிரிக்கவைக்கப்படும் குழந்தை, தன் முதல் சிரிப்பு போதவில்லை என்று கற்றுக்கொள்கிறது.

எப்போது இதை நோயாகக் கருதி உதவி தேட வேண்டும்?

தோற்றத்தைப் பற்றிய கவலை எல்லோருக்கும் உண்டு. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறியதான ஒரு குறையைப் பற்றிய எண்ணம் நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மனத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியையோ படத்தையோ திரும்பத் திரும்பச் சோதிக்கச் செய்து, படிப்பையும் வேலையையும் மனிதர்களையும் தவிர்க்கவைத்தால், அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்னும் மனநலக் கோளாறாக இருக்கலாம். இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891-லேயே இதை விவரித்திருக்கிறார்; ஆகவே கைபேசி இதைப் பெற்றெடுக்கவில்லை, தீனி போடக்கூடும். மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. ஆண்களுக்கும் வருகிறது, அவர்கள் வெளியே சொல்வது குறைவு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளும் இதற்குப் பயன் தருகின்றன. அழகுக்கான அறுவை சிகிச்சை பொதுவாக இதைத் தீர்ப்பதில்லை. கவலை அதே இடத்தில் நிற்கும், அல்லது வேறு உறுப்புக்கு மாறும்.

இந்த நோயோடு, வாழவே விருப்பமில்லை என்ற எண்ணமும் சேர்ந்து வருவதுண்டு. அப்படி ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தால், நாளை என்று தள்ளாமல் அன்றே ஒரு மருத்துவரிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லிவிட வேண்டும். இதைத் தற்பெருமை என்று எண்ணி வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

எப்போதும் செல்ஃபி போட்டுக்கொண்டே இருக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது?

கேலி செய்யாதீர்கள், கமெண்டில் கண்டிக்கவே கண்டிக்காதீர்கள். "இளைத்துவிட்டாய்", "கறுத்துவிட்டாய்", "இதில் அழகாக இருக்கிறாய்" என்று உருவத்தைப் பற்றியே வரும் சொற்களைக் குறைத்து, படத்தில் இருக்கும் மற்றதைக் கேளுங்கள்: அது எந்த இடம், பக்கத்தில் இருப்பவர் யார், எதற்காக அப்படிச் சிரித்தாய். பாராட்டும் ஒருவகைத் தீர்ப்புதான்; இன்று அழகு என்று சொன்ன வாய் நாளை சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தையும் அது கூடவே கொடுத்துவிடுகிறது. நேரில் முகம் கொடுத்துப் பேச ஒருவர் இருந்தால் பாதிப் படங்கள் தானாகக் குறையும் என்பது நான் கண்கூடாகப் பார்த்தது.

எடுத்த அத்தனை படங்களில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு தாயும் அவருடைய மகளும் வந்திருந்தார்கள். அறுபது ஃப்ரேம் எடுத்திருந்தேன். தாய் ஒவ்வொன்றையும் இரு விரலால் விரித்துத் தாடைக்கும் கழுத்துக்கும் இடையில் நிறுத்தி, "இது வேண்டாம்" என்று தள்ளிக்கொண்டே போனார். பதினைந்து நிமிடம் கழித்து அவரிடம் எஞ்சியவை இரண்டு. இரண்டிலும் உதடு மூடியிருந்தது, கண் சற்று எச்சரிக்கையாக இருந்தது. மகள் அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கையை நீட்டி, தள்ளப்பட்டவற்றிலிருந்து ஒன்றை எடுத்து, "இதுதான் அம்மா" என்றாள். நான் விளக்கைச் சரிசெய்து திரும்பும்போது ஏதோ சொன்னதற்கு அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த படம் அது. கழுத்துச் சுருக்கம் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்காமல், படத்தைக் கைநீட்டும் தூரத்தில் வைத்து முழுதாகப் பார்த்ததால் மகளுக்கு அது கிடைத்தது.

அதனால் நான் சொல்லும் வழி: பெரிதாக்காமல் பாருங்கள், உங்கள்மேல் அன்புள்ள ஒருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், அவர் எடுப்பதை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் மறுக்கும் முன் ஒரு நாள் வைத்திருங்கள்.

பழைய படங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அழித்துவிடலாமா?

பொதுவிலிருந்து தாராளமாக எடுத்துவிடலாம். ஆர்க்கைவ் செய்யும் வசதியும் இருக்கிறது. ஆனால் மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். பருமனாக இருக்கிறேன் என்று சொல்லி ஒதுக்கிய படத்தைப் பத்தாண்டு கழித்துத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்தப் படத்தில் இருப்பவர் எவ்வளவு இளமையாக இருக்கிறார் என்று அவர்கள்தாம் வியக்கிறார்கள். இதனால் வேண்டாம் என்று தள்ளப்பட்ட ஃப்ரேம்களையும், வந்த தேதியை எழுதித் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். கேட்டு வருபவரிடம் முதலில் அவற்றைத்தான் திறந்து காட்டுகிறேன்.